கோழியைக் கழுவலாமா, கூடாதா?

"கோழி இறைச்சியைக் கழுவாதீர்கள்" என்று ஒரு வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குள் வந்தால் போதும், அந்த ஞாயிற்றுக்கிழமைச் சமையல் வாக்குவாதத்தோடுதான் நடக்கும். அனுப்பியது கொழும்பில் வேலை செய்யும் மகளாக இருக்கும். "கழுவாத எறச்சிய எப்படிப் புள்ள சட்டியில போடுறது? அருவருப்பா இல்லையா?" என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்து அம்மா கேட்பார். "டொக்டர்மாரே சொல்றாங்கம்மா" என்பாள் மகள். அதற்கு மேல் இரண்டு பேரிடமும் காரணம் இருக்காது. ஒருவருக்குப் பழக்கம், மற்றவருக்கு வீடியோ.

கழுவினால் ஏதோ விஷம் என்ற மாதிரி ஒரு பேச்சு. வெள்ளைக்காரனுக்குச் சுத்தம் தெரியாது, அதனால் சொல்கிறான் என்று இன்னொரு பேச்சு. இரண்டிலும் விஷயம் இல்லை. அறிவுரை என்னவோ உண்மையானதுதான். பிரித்தானியாவின் உணவுத் தர முகவரகம் 2014இல் இதற்காகவே ஒரு பிரசாரம் நடத்தியது. அமெரிக்க விவசாயத் திணைக்களமும் இதையே சொல்கிறது. ஆனால் அவர்கள் சொன்ன காரணம், வீடியோ கைமாறிக் கைமாறி வரும்போது எங்கேயோ விழுந்துவிட்டது. காரணம் தெரிந்தால், நம் குசினிக்கு அதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

கோழியில் அப்படி என்ன இருக்கிறது?

பற்றீரியா என்பது கண்ணுக்குத் தெரியாத, ஒரே ஒரு கலத்தால் ஆன உயிர். கோழியின் குடலிலும் அது நிறைய வாழ்கிறது. அவற்றில் நமக்குத் தொந்தரவு தருபவை முக்கியமாக இரண்டு: கம்பிலோபக்டர், சல்மொனெல்லா. கோழியின் உடல் சூடு 41, 42 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கம்பிலோபக்டருக்கு அந்தச் சூடு மிகவும் பிடிக்கும். பெரும்பாலும் கோழிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. நல்ல கோழி மாதிரியே தீனி தின்று, எடை வைத்து, கடைக்கு வந்துவிடும்.

அறுத்துச் சுத்தம் செய்யும்போது குடலில் இருப்பது கொஞ்சம் வெளியே வரும். அதே கத்தி, அதே தொட்டித் தண்ணீர், அதே மேசை என்று அது தோலுக்கும் இறைச்சிக்கும் ஏறிவிடும். எல்லாக் கோழியிலும் இருக்கும் என்றில்லை. ஆனால் எதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம். "நல்லா கழுவி, வாடை போயிருச்சு, இனிப் பயமில்ல" என்பார்கள். இறைச்சி கெட்டுப்போகும்போது வரும் வாடைக்கும் வழுவழுப்புக்கும் காரணம் வேறு வகைப் பற்றீரியாக்கள். நோய் தரும் இந்த இரண்டுக்கும் அந்த வாடையோடு சம்பந்தமில்லை. காலையில் வெட்டிய, கொஞ்சமும் வாடையில்லாத கோழியிலும் அவை இருக்கலாம்.

எத்தனை கிருமி வயிற்றுக்குள் போனால் ஒருவருக்கு நோய் வரும் என்ற கணக்கைத் தொற்றளவு என்பார்கள். கம்பிலோபக்டருக்கு அது மிகக் குறைவு. சில நூறு போதும். பச்சைக் கோழியில் இருந்து சொட்டும் ஒரு துளித் தண்ணீரிலேயே அவ்வளவு இருக்க முடியும்.

ஆக, கண்ணாலும் மூக்காலும் பிடிபடாத ஒன்று, மிகக் கொஞ்சமாகப் போனாலே போதும் என்கிற ஒன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு தண்ணீரிடம் போவோம்.

தண்ணீர் அதை ஏன் கழுவிக்கொண்டு போகாது?

மழைக்காலத்தில் தேயிலை மலையில் நின்றவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடித்துப் பிடித்துவிட்ட அட்டை தண்ணீர் ஊற்றினால் விழாது. இன்னும் கடிக்காமல் இடுப்பில் கட்டிய படங்கில் ஊர்ந்துகொண்டிருக்கிறதே, அதுதான் உதறினால் விழும். விழுவதும் மண்ணில்தான் விழும் என்று சொல்ல முடியாது. பக்கத்து நிரையில் நிற்பவர் காலிலும் விழலாம்.

கோழித்தோலில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இறகு பிடுங்கிய இடத்தில் எல்லாம் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். தோலை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பற்றீரியாவின் அளவுக்கு அவை கிணறுகள். அந்தக் குழிகளுக்குள்ளும், தோலின் மடிப்புகளிலும், வெட்டிய இறைச்சி நார்களுக்கு இடையிலும் அது புகுந்து ஒட்டிக்கொள்கிறது. மேலே ஓடும் தண்ணீர் அங்கே எட்டுவதில்லை. தோல் நீக்கிய இறைச்சியிலும் முழுக்க விட்டுவிடாது. மேலாக இருக்கும் கொஞ்சம் மட்டும் தண்ணீரோடு கிளம்பும்.

கிளம்பியது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சிங்கின் ஓரத்துக்கு, பைப்பின் திருகிக்கு, கைக்கு, கைலேஞ்சிக்கு, பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டுக்கு. இப்படிப் பச்சை இறைச்சியில் இருந்த கிருமி, சமைக்காமல் சாப்பிடப் போகும் ஒரு பொருளுக்கோ பாத்திரத்துக்கோ போய்ச் சேர்வதைக் குறுக்கு மாசு என்கிறார்கள். முழுக் கட்டுரையும் இந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் தெறிக்கும் தூரம்

பிரித்தானியப் பிரசாரத்தில் சொன்ன கணக்கு, பைப்பின் கீழ் கோழியைக் கழுவினால் துளிகள் 50 சென்ரிமீற்றருக்கு மேலும் போகும் என்பது. நம் குசினிகளில் அரை மீற்றருக்குள் என்னதான் இல்லை? அரிந்த வெங்காயம், தேங்காய்ப்பூ, பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல், எல்லாம் அதற்குள்தான்.

2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதை இயற்பியலாகவே ஆராய்ந்து பார்த்தார்கள். பைப் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தெறிப்பு கூடியது. இன்னொன்றையும் கண்டார்கள்: கோழி இறைச்சி மெத்தென்று இருப்பதால், விழும் தண்ணீரின் அழுத்தத்தில் அந்த இடம் குழிகிறது. குழிந்த இடத்தில் தண்ணீர் நேராக வழிந்து போகாமல் சுழன்று எகிறுகிறது. கடினமான ஒரு பொருளைக் கழுவும்போது வருவதை விட அதிகமாகத் தெறிக்கிறது. தெறித்த துளிகளில் பற்றீரியாவும் இருந்தது.

இப்போது தோட்டத்துப் பீலியை நினைத்துப் பாருங்கள். உயரத்தில் இருந்து விழும் தண்ணீர், கீழே சீமெந்துத் தளம். எகிறுவதற்கு இதை விட நல்ல ஏற்பாடு கிடைக்காது. பல தோட்டங்களில் இன்றைக்கும் ஒரு பீலியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அங்கேதான் குடிதண்ணீர் பிடிக்கிறார்கள், சட்டி கழுவுகிறார்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை கையைக் குவித்துத் தண்ணீர் குடிக்கிறது. ஞாயிறு காலை அதே கல்லில் ஆறேழு வீட்டுக் கோழி கழுவப்படுகிறது. சிங்க்கை மனதில் வைத்து எழுதிய அறிவுரை என்றாலும், என் கணிப்பில் அது பீலிக்குத்தான் இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

தேசிக்காயும் உப்பும் மஞ்சளும்

"நாங்க சும்மா தண்ணியில கழுவுறதில்ல, தேசிக்காய் போட்டுத்தான் கழுவுறோம்" என்பவர்கள் உண்டு. வினாகிரி ஊற்றுபவர்களும் உண்டு. புளிப்புக்குக் கிருமியைத் தாக்கும் குணம் இருப்பது உண்மை. ஆனால் இரண்டு நிமிஷம் பிசறி எடுக்கும் புளிப்பு, மேற்பரப்பில் இருப்பதைக் கொஞ்சம் குறைக்கும். குழிக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. உப்பும் அப்படித்தான். அட்டைக்கு ஒரு சிட்டிகை உப்புப் போதும், பற்றீரியாவுக்குப் போதாது. மஞ்சளைப் பற்றி ஆய்வுகூடங்களில் என்ன கண்டிருந்தாலும், அரைக் கரண்டி மஞ்சள் தடவிச் சிறிது நேரம் வைப்பது கிருமி நீக்கம் ஆகாது.

அதற்காக இவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. வாடை குறையும், ருசி ஏறும், இறைச்சி கொஞ்சம் இளகும். ஊறவைக்கும் மசாலாவோடு சேர்த்துவிட்டால் அந்தப் பலன் எல்லாம் கிடைக்கும். அதைப் பிழிந்து ஊற்றிக் கழுவ வேண்டிய அவசியம் இல்லை.

அடுப்பு செய்யும் வேலை

தண்ணீரால் முடியாததைச் சூடு செய்கிறது. இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டால் கம்பிலோபக்டரும் சல்மொனெல்லாவும் செத்துவிடும். குழிக்குள் ஒளிந்திருந்தாலும் சூடு போய்ச் சேரும்.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரலாம். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை குறையும். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. ஹற்றனில் 96 அளவில். அங்கே பருப்பும் கடலையும் வேகச் சுணங்குவது இதனால்தான். ஆனால் 94 என்பதும் 74ஐ விட மிகவும் மேலே. அரை மணி நேரம் கொதிக்கும் கோழிக்கறியில் எந்தக் கவலையும் வேண்டாம், நுவரெலியாவிலும் சரி, அதற்கு மேலேயும் சரி.

கவலை வரவேண்டியது வேறு சமையலில். ஃப்ரீசரில் இருந்து எடுத்துச் சரியாக இளகாமல் எண்ணெயில் போட்ட பெரிய துண்டு, வெளியே கருகி உள்ளே வேகாத சுட்ட கோழி, அவசரத்தில் பிரட்டி எடுத்த டெவல். தொடையில் எலும்பு சேரும் இடத்தில் கீறிப் பார்த்தால் தெரியும்: சாறு தெளிவாக வரவேண்டும், இறைச்சி எலும்பை விட்டு விலக வேண்டும். எலும்பு ஓரம் கொஞ்சம் சிவந்திருப்பதை மட்டும் வைத்து வேகவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பிரொய்லர் கோழி இளசு, அதன் எலும்பில் இருந்து நிறம் கசியும்.

சுருக்கமாகச் சொன்னால் இறைச்சியில் மிஞ்சி இருப்பதைச் சட்டி பார்த்துக்கொள்ளும். சட்டிக்குள் போகாத சம்பலையும் சலாதையும் குடிதண்ணீரையும் யாரும் பார்த்துக்கொள்வதில்லை. அதனால்தான் கழுவாதே என்கிறார்கள்.

"அப்பாயி காலத்துல இருந்து கழுவுறோமே!"

"யாருக்கு என்ன ஆச்சு?" என்ற இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. கழுவும் பழக்கத்துக்காகச் சொல்லப்படுவதில் இதுதான் வலுவான வாதம். பதிலும் இருக்கிறது.

எல்லாக் கோழியிலும் கிருமி இல்லை, தெறித்த எல்லாத் துளியும் சம்பலில் விழுவதில்லை. அதனால் பெரும்பாலான ஞாயிறுகள் ஒன்றும் இல்லாமல் போகும். ஆகிற ஞாயிற்றையும் நாம் கணக்கில் எடுப்பதில்லை. கம்பிலோபக்டர் உள்ளே போய் வயிற்றைக் குழப்ப வழக்கமாக இரண்டு முதல் ஐந்து நாள் எடுக்கும். ஞாயிறு தெறித்தது புதன்கிழமை வயிற்றுவலியாக வரும். புதன்கிழமை யார் ஞாயிற்றுக்கிழமை சிங்க்கை நினைக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை டவுனில் தின்ற கொத்து ரொட்டி மேல் பழி போகும். இல்லாவிட்டால் உடம்புச் சூடு, பிள்ளைக்குக் கண் பட்டது. பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தானாகச் சரியாகியும் விடும். ஜீவனி கரைத்துக் கொடுப்போம், கஞ்சி கொடுப்போம். மலத்தைப் பரிசோதித்து எந்தக் கிருமி என்று பார்ப்பது அபூர்வம். ஆகவே "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பது, நடந்தும் பெயர் வைக்கப்படாமல் போனவற்றையும் சேர்த்துத்தான்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே நோயால் பலவீனமானவர்கள் என்றால் இது சாதாரண வயிற்றோட்டமாக நிற்காது. மலத்தோடு இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல் கண்டால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கம்பிலோபக்டர் தொற்றிய ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்குப் பிறகு கீலன்-பாரே என்ற கோளாறு வருகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைப் பலவீனமாக்கும் நோய் அது. அபூர்வம்தான், ஆனால் இருக்கிறது.

கழுவாதவர்களும் தப்பவில்லை

வீடியோக்கள் சொல்லாமல் விடும் பகுதிக்கு வருகிறேன். 2019இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. தீங்கில்லாத ஒரு வகைப் பற்றீரியாவைக் கோழித் துண்டுகளில் அடையாளத்துக்காகப் பூசி, 300 பேர் அளவில் சமைக்கவிட்டு, அது எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தார்கள். கோழியோடு சலாதும் செய்யச் சொன்னார்கள்.

கோழியைக் கழுவியவர்களில் 60 வீதமானோரின் சிங்கில் பற்றீரியா இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்தோம் என்று நினைத்த பிறகும் 14 வீதமானோரின் சிங்கில் இருந்தது. 26 வீதமானோரின் சலாதுக்கே அது போய்ச் சேர்ந்துவிட்டது. இவ்வளவும் வீடியோவில் வரும். வராதது இது: கோழியைக் கழுவாதவர்களிலும் 31 வீதமானோரின் சலாதில் பற்றீரியா இருந்தது.

எப்படி? கையால். கோழியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவாமல் இலையைத் தொட்டார்கள். அதே கத்தி, அதே பலகை.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கழுவாமல் விட்டதாலேயே தப்பிவிட்டோம் என்று நினைத்தால், பைப்பில் நடக்க வேண்டியது கையால் நடந்துவிடும். அம்மா கழுவட்டும், மகள் கழுவாமல் விடட்டும். இரண்டு பேரும் கோழி தொட்ட கையோடு மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தால் அந்தச் சண்டைக்கு அர்த்தமே இல்லை.

அப்போ என்னதான் செய்வது?

முதலில் சமையல் வரிசையை மாற்றுங்கள். சம்பல், சலாது, பழம் என்று அடுப்பைக் காணாதவை எல்லாவற்றையும் முதலில் முடித்து, மூடி, தள்ளி வைத்துவிட வேண்டும். பச்சைக் கோழி கடைசியாக வெளியே வரட்டும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு எல்லாம் அளந்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் நடுவில் டப்பாக்களைத் தொட வேண்டி வராது. இந்த ஒரு மாற்றத்துக்கு எந்தச் செலவும் இல்லை.

இறகு முளை, உறைந்த இரத்தம், முதுகெலும்போடு ஒட்டிய குடல் துணுக்கு இவற்றைக் கையால் எடுத்துப்போட்டு, டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் போதும். சந்தையில் வெட்டும்போது எலும்புத்தூள் ஒட்டியிருந்தாலும் அப்படியே துடைக்கலாம்.

அப்படியும் மனம் கேட்காதா? சரி. ஓடும் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள். ஓர் ஆழமான பாத்திரத்தில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதற்குள் கோழியை மெதுவாக இறக்கி, தண்ணீருக்குள்ளேயே அலசி எடுக்கலாம். தேசிக்காய், உப்பு எல்லாம் அந்தப் பாத்திரத்திலேயே. அந்தத் தண்ணீரைக் குடிதண்ணீர் பிடிக்கும் இடத்துக்குத் தள்ளி, வடிகானின் வாயோடு ஒட்டிச் சரித்து ஊற்றுங்கள். கிருமி இதனால் குறையாது, ஆனால் ஊரைச் சுற்றாது. மனத்திருப்திக்கு அது போதுமான விலை என்று நினைக்கிறேன்.

பிறகு கை. சவர்க்காரம் போட்டு, நகக்கண், விரலிடுக்கு எல்லாம் தேய்த்து, 20 விநாடி. பலகை, கத்தி, பாத்திரம், சிங்க், பைப்பின் திருகி எல்லாம் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிய பிறகு, நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து துடைத்துச் சில நிமிஷம் விடலாம். தேசிக்காயோ வினாகிரியோ கிடந்த சிங்க்கை முதலில் நன்றாக அலசிவிட்டே ப்ளீச்சை ஊற்ற வேண்டும். புளிப்போடு ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

கடையில் இருந்து வரும் வழியையும் மறக்க வேண்டாம். டவுனில் கோழி வாங்கி, அதே பையில் கரட்டும் லீக்ஸும் தக்காளியும் போட்டு, ஒரு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வருவோம். சிலிசிலிப் பையின் அடியில் சிவந்த தண்ணீர் கசிந்திருக்கும். கோழியை இரண்டு பைக்குள் போட்டு, மரக்கறியோடு சேர்க்காமல் தனியாக ஒரு கையில் பிடித்து வாருங்கள்.

"இங்க குளிர்தானே, வெளியில இருந்தா ஒண்ணும் ஆகாது" என்பதும் சரியில்லை. நுவரெலியாவின் 15 பாகை நமக்குக் குளிர், சல்மொனெல்லா மெதுவாகப் பெருக அது போதும். கம்பிலோபக்டர் 30 பாகைக்குக் கீழே பெருகாது, ஆனால் குளிரில் சாகாமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஃப்ரிட்ஜில் வைப்பதென்றால் கீழ்த்தட்டில், சொட்டாத பாத்திரத்தில்.

வீட்டிலேயே அறுக்கும் கோழி

திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ வீட்டில் அறுக்கும் ஊர்க்கோழியின் கதை வேறு. சுடுதண்ணீரில் அமுக்கி, இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, நெருப்பில் வாட்டி எடுக்கும் கோழியில் சாம்பலும் இரத்தமும் இறகும் ஒட்டித்தான் இருக்கும். அதைக் கழுவாமல் முடியாது. கழுவாதே என்ற அறிவுரை, ஏற்கெனவே சுத்தம் செய்து கடைக்கு வந்த இறைச்சிக்குச் சொன்னது. ஊர்க்கோழிக்கு இந்தக் கிருமிகள் வராது என்று மட்டும் எண்ண வேண்டாம், அதன் குடலிலும் அவை வாழும்.

வாளியில் தண்ணீரைச் சுமந்துபோய், பீலியை விட்டுத் தள்ளி, வீட்டுக்குப் பின்பக்கம் வைத்துச் செய்வது நல்லது. கோழியைச் சுத்தம் செய்பவரும் சம்பல் அரைப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இன்னும் நல்லது. குடலை எடுக்கும்போது கழிவுவாயைச் சுற்றி வெட்டி, முழுதாக உருவி எடுக்க வேண்டும். உடைந்து இறைச்சியில் பட்டுவிட்டால் அந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிப் பரப்பாமல் வெட்டி எறிந்துவிடுங்கள். முதல் நாள் இரவே கோழியைக் கூடையில் கவிழ்த்து, தண்ணீர் மட்டும் வைத்துத் தீனியை நிறுத்திவிட்டால் காலையில் குடல் காலியாக இருக்கும். கத்தி தவறிப் பட்டாலும் சிந்துவது குறைவு.